நிறுத்தினாலும் நிற்காத பாட்டு

அந்தக் கிட்டார் என்ன விலை என்று அக்காவிடம் கேட்டவர்களில் ஒருவர்கூட நல்ல பதிலோடு வீடு திரும்பியதில்லை. எங்கள் தோட்டத்தில் எதைப் பார்த்தாலும் முதலில் விலை கேட்டுவிடுவார்கள். புதுக் குடை, புதுச் சப்பாத்து, புது மருமகன், எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். "விக்கப் போறதில்ல, வெல எதுக்கு?" என்பார் அக்கா. அதோடு நடையைக் கட்டினால் தப்பித்தோம். இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று யாராவது இழுத்தால், "ஒங்க மூக்குகூட நல்லாத்தான் இருக்கு. நான் வெல கேட்டேனா?" என்று வரும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் பஸ் பிடித்து வந்து, நான் எழுதுவதைப் பாதியில் நிறுத்தச் சொல்லுவார். நிறுத்துவதுதான் அவருடைய குணம். தப்பு என்று பட்ட ஒன்றை அடுத்த அடி வைக்க விடமாட்டார். நான் அதற்கு நேர் எதிர் ரகம். தப்பைக் கண்டால் ஒரு ஜோக் அடித்துவிட்டு, அதன் பக்கவாட்டில் நெளிந்து போய்விடுவேன். என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதை நான் ரொம்ப காலம் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் கொட்டகலைக்கு மேலே. தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுதான் லயம், ஒரே லயத்தில் எட்டுக் காம்பரா. அக்காவுடையது மூன்றாவது, எங்களுடையது ஐந்தாவது. அவர் மலையில் கொழுந்து பறித்தார். கணவர் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை செய்துகொண்டு, டிசம்பரில் நத்தாருக்கும், பிறகு பெரிய வியாழனுக்கும் வந்து போவார். நான் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில் வேலை பார்த்தேன். துரை போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. இப்போது அது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டல். என் பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. தமிழில் சொன்னால் பெட்டி தூக்குவது.

கிட்டார் வாங்க ஹட்டனுக்குப் போனபோது அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்துக் கிட்டார் நிபுணன் என்று என்னை நானே அறிவித்திருந்ததுதான் காரணம். என்னிடமும் ஒன்று இருந்தது உண்மை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்காக வாங்கியது. இரண்டு மூன்று விரல்களை வெவ்வேறு தந்திகளில் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் அதற்குப் பெயர் கோர்டு. நான் மூன்று கோர்டு கற்றுக்கொண்டேன். நான்காவதற்கு விரல் வளைவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. பிறகு அந்தக் கிட்டாரின் கழுத்தில் ஈரச் சட்டையைக் காயப்போட்டு வந்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது, பாவம்.

கடையில் ஒவ்வொரு கிட்டாரையும் நான் பலாப்பழத்தைத் தட்டுவது மாதிரி தட்டி, "ம்" என்றேன். என்ன 'ம்' என்று அக்கா கேட்டார். எனக்கே தெரியவில்லை. என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அங்கே இருந்ததிலேயே மலிவானதை எடுத்து, ஒரு தந்தியை மீட்டி, அதன் சத்தம் முழுதாக அடங்கும்வரை காதை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த தந்தி. ஆறு தந்தியும் முடிவதற்குள் கடைக்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். அது வெறும் ஒட்டுப்பலகை, சும்மா பழகுகிறவர்கள் வாங்குவது, நல்லது வேண்டுமென்றால் மேல் தட்டில் இருக்கிறது என்றார். மேல் தட்டில் இருப்பதன் சத்தத்தை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு எட்டுவதைத்தான் நான் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா அதையே வாங்கினார்.

வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் கிட்டாரை வாங்கிப் பின்னால் லீக்ஸ் மரக்கறி மூட்டைகளின் மேல் வைத்திருந்தான். வழியில் ஏறிய இன்னொரு மூட்டையைத் தூக்கி அதன் மேலேயே போட்டான். அக்கா எழுந்து நின்றார். "மல்லி, பஸ் எக்க நவத்தன்ன" என்று சிங்களத்தில் சொன்னார். தம்பி, பஸ்ஸை நிறுத்துங்கள். சத்தம்கூடப் போடவில்லை. பஸ் நின்றது. இறங்கப்போகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டதற்கு, நான் இல்லை, மூட்டை இறங்கப்போகிறது என்றார். மூட்டை இறங்கும்வரை பஸ் நகரவில்லை. சனமெல்லாம் திட்டியது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? யாரோ எவரோ என்ற முகத்தோடு ஜன்னல் வழியாகத் தேயிலையை ரசித்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகத் தேயிலையைப் பார்ப்பவன் மாதிரி.

மலிவான கிட்டாருக்கு எங்கள் ஊர்ப் பனிமூட்டம் ஆகாது. முதல் மழையிலேயே தந்திகளைக் கீழே பிடித்திருக்கும் கட்டை பலகையை விட்டுக் கிளம்பிவிட்டது. நான் அதற்கு மரண அறிவித்தல் வாசித்தேன். லயமே சிரித்தது, அக்காவைத் தவிர. தச்சுப் பசை தடவி, சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்தார். கட்டை ஒட்டிக்கொண்டது. ஆனால் கழுத்து லேசாக வளைந்துபோனதால் தந்திகள் பலகையை விட்டு எட்டி நின்றன. அழுத்திப் பிடிக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். நான் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு விரலை ஊதிக்கொண்டு வந்தேன். அக்கா அதிலேதான் எல்லாவற்றையும் படித்தார். லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று வீடியோவைப் பார்ப்பார், மனதில் ஏற்றிக்கொண்டு கீழே ஓடிவருவார், வாசிப்பார், மறந்துபோனால் திரும்ப மேலே ஏறுவார்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டதை அறிய ஒரு வழி உண்டு. சாதாரண நாளில் என்னை 'நீ, வா, போ' என்பார். கோபம் ஏறினால் மரியாதையும் ஏறும். மாதத்துக்கு ஒரு தடவை ஃபாதர் வந்து எங்கள் சின்னக் கோயிலில் பூசை வைப்பார். அக்கா கிட்டார், நான் கஞ்சிரா. காணிக்கைப் பாட்டில் நான் கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டேன். கிட்டார் நின்றது. பாடியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஃபாதர் கையில் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தார். அந்த அமைதியில் அக்கா, "தம்பி, நீங்க பாட்டோட வர்றீங்களா, இல்ல முன்னாடி போயி எங்களுக்கு எடம் புடிக்கிறீங்களா?" என்று கேட்டார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். ஃபாதரும் கிண்ணத்தைக் கீழே வைத்து மறுபடி எடுத்தார்.

அந்த வருடம் அவர் சொந்தமாக ஒரு மெட்டு கட்டினார். வார்த்தை இல்லை, பெயரும் இல்லை. தகரத்தில் தூறல் விழத் தொடங்குவது மாதிரி ஆரம்பித்து, நடுவில் ஓரிடத்தில் விரல்கள் கழுத்தின் நுனியிலிருந்து வயிற்றுப் பக்கம்வரை ஒரே தாவாகத் தாவ வேண்டும். வளைந்த கழுத்தில் தந்தி மிக உயரமாக நின்றது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு தடவையும் அங்கே தடுக்கும். தடுக்கினால் நிறுத்துவார். மறுபடி முதலிலிருந்து.

இது எட்டுக் காம்பராவுக்கும் தெரியும். எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. கட்டிய வெள்ளைக்காரன் அந்த நாலு அடிச் சுவரை மிச்சம் பிடித்தான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் எத்தனையோ விஷயங்களை மாற்றினார்கள், அவன் பிடித்த மிச்சத்தை மட்டும் பக்தியோடு காப்பாற்றி வருகிறார்கள். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எட்டு வீட்டில் தும்முவோம். ஆகவே அக்கா வேலை விட்டு வந்து வாசிக்கும்போது லயம் முழுவதும் சேர்ந்துதான் பழகியது. நாலாவது காம்பரா மாரியண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தால், அந்த இடம் நெருங்கும்போது கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார். தடுக்கியதும் ஒரு பெருமூச்சு சுவருக்கு மேலால் வரும். "அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா போயேம்மா" என்பார். "மெதுவா போனா அது வேற பாட்டுண்ணே" என்பார் அக்கா.

இனி நான் சொல்லப்போவது என் கைங்கரியம்.

பங்களா மேனேஜர் கொழும்புக்காரர். புல்வெளியில் நாலு மணித் தேநீருக்கு ஏதாவது ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவர் கிட்டார் வாசிக்கிறார் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அவர் கண் மின்னியது. சிவப்புச் சேலை, முதுகில் பிரம்புக் கூடை, மடியில் கிட்டார் என்று அங்கேயே கற்பனை பண்ணிவிட்டார். அக்கா சேலைக்குச் சம்மதித்தார். கூடைக்கு மட்டும் முடியாது என்றார். பிரம்புக் கூடையைத் தூக்கி எறிந்து எத்தனையோ வருடமாகிறது, நாங்கள் சாக்குப் பையில்தான் கொழுந்து போடுகிறோம், வேண்டுமானால் மேனேஜர் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும் என்று சொல்லி அனுப்பினார். கூடையை அக்காவுக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவானது. அதை நான் பேசித் தீர்த்த பெரிய சமாதானம் என்று பெருமைப்பட்டேன்.

"எனக்கு அவங்க கை தட்டணும்னு இல்ல" என்றார் அக்கா. "நம்மாளுங்க பாவம், பழகிப்போச்சு. அவங்களுக்கு நான் எப்புடி வாசிச்சாலும் சரி. என்னைய தெரியாத நாலு பேரு முன்னாடி அந்த எடத்த ஒரு தடவ தாண்டணும். அவ்வளவுதான்."

மூன்று வாரம் இரவு சமையலை மறந்து வாசித்தார். கடைசி வாரத்தில் இரண்டு தடவை தாண்டினார். இரண்டாவது தடவை எட்டுக் காம்பராவிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் எழுந்தது, கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி.

நிகழ்ச்சி நாளன்று காலையில் மேனேஜர் அக்காவை வரவழைத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். தகர டப்பா மாதிரி சத்தம் வருகிறது, விருந்தினர் நிறையப் பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள், ஸ்பீக்கரில் ஒரு நல்ல இசையைப் போட்டுவிடலாம், அந்தப் பெண் வாசிப்பது மாதிரி உட்கார்ந்தால் போதும், நீ சொல்லிவிடு என்றார். நான் சரி என்றேன். ஸ்பீக்கர் பெட்டியைக் குரோட்டன் செடிக்குப் பின்னால் தூக்கி வைத்ததும் நான்தான். பெட்டி தூக்குவதுதானே என் உத்தியோகம்.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஆறு மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. சத்தமெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் சொல்லி, ஏதோ ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்பதுகூட இன்றைக்கு நினைவில்லை. அவர் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

நாலு மணிக்கு வெயில் நன்றாக அடித்தது. வெள்ளை மேசை விரிப்புகள், கேக், பத்துப் பன்னிரண்டு விருந்தினர். லயத்துச் சனம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றது. உள்ளே வரக் கூடாது, வேலிக்கு வெளியே நிற்பதை யாரும் தடுக்க முடியாது. மாரியண்ணன் சுத்தமாகச் சவரம் செய்து வந்திருந்தார். அக்கா கதிரையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் ஏற்றி, இடது கையைக் கழுத்தில் வைத்து, மூச்சை இழுத்தார்.

அவர் தந்தியைத் தொடுவதற்கு முன்னே இசை தொடங்கிவிட்டது.

எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில் யாரோ வாசித்தது, தேன் மாதிரி வழிந்தது. அக்கா கையைப் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார். பிறகு, வாழ்நாள் முழுக்கச் செய்ததைச் செய்தார். வலது கையைத் தந்திகளின் மேல் பரப்பி, நிறுத்தினார். அவர் நிறுத்திப் பஸ் நின்றிருக்கிறது, பூசை நின்றிருக்கிறது. இது நிற்கவில்லை.

"அது அவ இல்ல" என்றார் மாரியண்ணன் வேலிக்கு வெளியேயிருந்து. "அவ கையே வைக்கல." நன்றாகவே கேட்டது. விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. ஒரு வெள்ளைக்காரம்மா அவரைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தார்.

மேனேஜர் என் தோளைத் தட்டி, கையை அசைக்கச் சொல் என்றார். நான் குனிந்துகொண்டே புல்வெளியைக் கடந்து போய், அக்காவின் காதருகே, என் வழக்கமான இளிப்போடு, "அக்கா, சும்மா கைய மட்டும் ஆட்டுங்க. அஞ்சு நிமிஷந்தான்" என்றேன்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் சிரித்தேன்.

"சிரிக்காம சொல்லுங்க, தம்பி."

"தெரியும்."

அவர் இடது கையைக் கிட்டாரின் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். எழுந்து போகவில்லை, கத்தவில்லை. அந்த ஐந்து நிமிடமும் கற்சிலை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசை ஏறியது, இறங்கியது. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன்களைத் தூக்கி வைத்துப் படம் பிடித்தார்கள். ஒருவருக்குக்கூட அந்தப் பெண்ணின் கை மடியில் கிடப்பது தெரியவில்லை. சேலை தெரிந்தது, கூடை தெரிந்தது, பின்னால் மலை தெரிந்தது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அன்றைக்கு நான் கடிக்கவில்லை. கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன்.

மறுநாள் அவர் காம்பரா வாசலில் போய் நின்றேன். கிட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை ஒழுங்காகச் செய்யச் சொல்லலாம், மேனேஜருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வழக்கம்போல் ஒன்றை ஆரம்பித்தேன். துடைப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"நான் நிறுத்துனேன், அது நிக்கல. அது மெஷினு, அதுக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்ல?"

சுவருக்கு அந்தப்பக்கம் மாரியண்ணன் செருமினார். எட்டுக் காம்பராவும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வந்த வழியே போனேன். அன்று முதல் லயத்தில் என் ஜோக்குக்குச் சிரிக்க ஆளில்லை. என் அம்மா சோற்றைத் தட்டில் போடும் சத்தத்திலேயே அவரும் என் பக்கம் இல்லை என்று எனக்கு விளங்கியது. அடுத்த மாதம் அக்கா கிட்டாரோடு கணவரிடம் கொழும்புக்குப் போய்விட்டார். அதுவரையில் ஒரு நாளும் அந்த மெட்டை வாசிக்கவில்லை.

அவர் போனார், படம் போகவில்லை. விருந்தினர் ஒருவர் எடுத்ததை மேனேஜர் வாங்கிப் பெரிதாக்கி, பங்களா வாசல் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, இசையில் எப்படி ஆழ்ந்துபோயிருக்கிறார் என்று வியந்தார்கள். பெட்டியோடு பின்னால் நிற்பவன் நான். இரண்டு வருடம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு நாள் என்னவோ, ஒருவரிடம், இவர் வாசிக்கவில்லை, கையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு இன்னொருவரிடம். அப்படி மூன்று நாலு பேர். அவர்களில் யாரோ அதை இணையத்தில் எழுதிவிட, மேனேஜருக்குச் சங்கடமாகிவிட்டது.

போன மாதம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனபோது படம் திருத்தப்பட்டிருந்தது. அக்காவின் மடியில் கை இல்லை. கிட்டாரின் கழுத்தில் ஒரு இடது கை இருந்தது. யாருடைய கையோ. மெல்லிய, வெளுத்த விரல்கள், கொழுந்துக் கறை பட்டே இராத நகங்கள். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவுக்குப் போன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் கொழும்புத் தெரு இரைந்துகொண்டிருந்தது.

"அந்தக் கையி என்ன கோர்டு புடிச்சிருக்கு?" என்றார்.

நான் கவனிக்கவில்லை என்றேன்.

"போயி பாத்துச் சொல்லுங்க."

போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மூன்று கோர்டில் அது எதுவும் இல்லை. எந்தக் கோர்டுமே இல்லை. ஒரு தடியைப் பிடிக்கிற மாதிரி நாலு விரலும் ஒன்றாகச் சேர்ந்து கழுத்தைப் பிடித்திருந்தன. சொன்னேன்.

"அப்ப கழட்டுங்க."

வேலை போய்விடும் அக்கா என்றேன். அவர் போனை வைக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

போனை வெட்டாமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்கட்டிலிருந்து ஏணியை எடுத்து வந்தேன். படம் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பாதி இறக்கும்போது மேனேஜர் வந்து, என்ன செய்கிறாய், யார் இதைக் கழற்றச் சொன்னது என்று கேட்டார்.

இதில் இருக்கிறவர்தான் சார் என்றேன்.